அளவு யார் கையில்? விலை மலிவான துப்பாக்கிப் பாக நிறுவனங்கள் கைமாறியபோது நடந்தது

2020 செப்டம்பர் இறுதியில் அலபாமா மாநிலத்தின் திவால் நீதிமன்றம், 1816-இல் தொடங்கிய ரெமிங்டன் துப்பாக்கி நிறுவனத்தையும் அதன் கையில் இருந்த பிற துப்பாக்கி நிறுவனப் பெயர்களையும் கூறுபோட்டு விற்க ஒப்புதல் தந்தது. தோட்டாத் தொழிலை விஸ்டா அவுட்டோர் 8 கோடியே 14 லட்சம் டாலருக்கு எடுத்தது. மார்லின், ரூகர் நிறுவனத்துக்குப் போனது; நவம்பரில் கணக்கு முடிந்தபோது அதன் விலை 2 கோடியே 83 லட்சம் டாலர். புஷ்மாஸ்டர் பெயரை ஃபிராங்க்ளின் ஆர்மரி 17 லட்சம் டாலருக்கு வாங்கியது. டிபிஎம்எஸ், ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சன், ஏஏசி, ஸ்டார்ம்லேக், பார்க்கர் ஆகிய ஐந்து பெயர்களும் ஒரே கட்டாக 21.5 லட்சம் டாலருக்கு ஜேஜேஇ கேபிடல் கைக்கு வந்தன. பட்டியலின் அடியில் டாப்கோ இருந்தது. ஏகே, எஸ்கேஎஸ் துப்பாக்கிகளுக்கு மலிவான பிளாஸ்டிக் கட்டைகளும் (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி) விசைகளும் செய்து விற்ற நிறுவனம் அது. அதன் பெயர் ஒரு லட்சம் டாலருக்கு ஒரு சில்லறைக் கடை நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

வாங்கியவர், விற்றவர், கடன் கொடுத்தவர் என எல்லோருக்கும் அந்த வழக்கின் காகிதங்களில் இடம் இருந்தது. அந்தப் பெயர்கள் பொறித்த பொருளை முன்பே காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் நின்றார்கள். இந்த ஆய்வு அவர்களைப் பற்றியது. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. ஒரு பொருள் பல ஆண்டுகள் உழைக்கும் என்று நம்பி வாங்கியவரிடம் அந்த நம்பிக்கை எப்படிப் பறிபோனது, எங்கே பறிபோகாமல் தப்பியது என்பதே இங்கே கேள்வி.

பாகம் விற்றுத் தொடங்கியவர்கள்

டிபிஎம்எஸ் 1980-களின் நடுவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராண்டி லூத் தொடங்கிய நிறுவனம். முதலில் அது ராணுவ ஒப்பந்தங்களுக்குத் துல்லியப் பாகங்கள் செய்துகொடுத்தது. பிறகு ஏஆர்-15 வகைத் துப்பாக்கியின் பாகங்களைத் தனித்தனியாகப் பொதுமக்களுக்கும் விற்றது. அதற்குப் பிறகுதான் முழுத் துப்பாக்கிக்கு வந்தது. விலை குறைவு என்பதே அதன் அடையாளம்.

அமெரிக்கச் சட்டமும் இந்த வியாபாரத்துக்கு இடம் கொடுத்தது. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வரிசை எண் பொறித்த உடற்பகுதி மட்டுமே 'துப்பாக்கி'. குழல், விசை, கட்டை, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட் எல்லாம் வெறும் பாகங்கள். அவற்றை உரிமம் இல்லாமல் கடையிலோ தபாலிலோ வாங்கலாம். உடற்பகுதியை ஒருமுறை முறைப்படி வாங்கிவிட்டால் மற்றதைக் கையில் காசு சேரச் சேரப் பூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். ஏஆர்-15 விஷயத்தில் அந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்த ஆய்வின் சாரமே இருக்கிறது. அந்தத் துப்பாக்கியின் அடிப்படையான, யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த வாயு இயக்க முறைக்கு 1960-இல் காப்புரிமை கிடைத்தது. 1977-இல் அது காலாவதியானது. அதற்கு முன்பே, வியட்நாம் போரின்போது கோல்ட் நிறுவனத்தால் மட்டும் தேவையை ஈடுகட்ட முடியாமல், அமெரிக்க அரசு தயாரிப்பு உரிமையைப் பெற்று, 1968-இல் அதன் ராணுவ வடிவமான எம்16ஏ1 செய்யும் வேலையை இன்னும் இரண்டு நிறுவனங்களுக்கும் கொடுத்தது. ஒன்று ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு. மற்றொன்று ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சன். மூன்று ஆலைகளில் செய்த பாகங்களும் போர்க்களத்தில் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி இருந்தாக வேண்டும். ஆகவே அளவு ஒரே முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடக்க வழியில்லாமல் போயிற்று. அந்தப் போர் விட்டுச்சென்ற இந்தப் பொது அளவின் மேல்தான் டிபிஎம்எஸ் போன்ற சிறு நிறுவனங்கள் பின்னாளில் கடை விரித்தன.

வாங்கிக் குவித்த ஆண்டுகள்

செர்பரஸ் என்ற நியூயார்க் முதலீட்டு நிறுவனம் 2006-இல், ஏஆர்-15 வகைத் துப்பாக்கி செய்த மெய்ன் மாநிலத்து புஷ்மாஸ்டரை வாங்கியது. 2007-இல் ரெமிங்டன், அதே ஆண்டு டிசம்பரில் டிபிஎம்எஸ், 2008 தொடக்கத்தில் மார்லின். மார்லினோடு அதன் கையில் இருந்த, ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சன் பெயரைத் தொடர்ந்த எச் அண்டு ஆர் 1871 நிறுவனமும் வந்தது. இவற்றையெல்லாம் ஃபிரீடம் குரூப் என்ற குடையின் கீழ் வைத்தார்கள். பிறகு டாப்கோவும், கனடாவில் பிறந்த பாரா என்ற கைத்துப்பாக்கி நிறுவனமும் சேர்ந்தன.

வாங்கிய மறுநாள் வாடிக்கையாளருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. தொலைபேசியை எடுத்தவர் அதே ஆள், பெட்டியின் மேல் அதே முகவரி. இப்படிப்பட்ட கைமாற்றங்களில் மிகவும் ஏமாற்றுகிற காலம் இதுதான் என்று நினைக்கிறேன். நிறுவனம் விற்கப்பட்ட செய்தி வரும்போது வாடிக்கையாளர் பதறுகிறார்; ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை என்றதும் அமைதியாகிவிடுகிறார். கேடு வருவது ஆலை இடம் மாறும்போது. அது பெரும்பாலும் சில ஆண்டுகள் தள்ளித்தான் நடக்கிறது.

எச் அண்டு ஆரின் கார்ட்னர் ஆலை 2008-இல் மூடப்பட்டது. புஷ்மாஸ்டரின் விண்டம் ஆலையும் மார்லினின் நார்த் ஹேவன் ஆலையும் 2011-இல் மூடப்பட்டன. 2014 மே மாதம், டிபிஎம்எஸ், டாப்கோ, பாரா உள்ளிட்ட பல நிறுவனங்களின் வேலைகள் அலபாமாவின் ஹண்ட்ஸ்வில் நகருக்குக் கொண்டுபோகப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் சிக்கனம்.

காகிதத்தில் ஏறாத அளவு

மார்லின் பாக நிறுவனம் அல்ல. ஆனால் ஆலை மாற்றம் வாடிக்கையாளரை என்ன செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1870 முதல் கனெக்டிகட்டில் இயங்கிய நிறுவனம் அது. மான் வேட்டைக்குப் போகும் நடுத்தரக் குடும்பத்தவர் வாங்கக்கூடிய விலையில், கைப்பிடி வளையத்தை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் 336, 1894, 1895 துப்பாக்கிகளைச் செய்து வந்தது.

நார்த் ஹேவனில் இருந்த இயந்திரங்கள் தேய்ந்து பழசானவை. ஆனால் அந்தத் தேய்மானம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அத்துபடி. எந்த இயந்திரம் எந்தப் பக்கம் இழுக்கும், எத்தனை துண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுமுனையைத் திருத்த வேண்டும் என்பது அவர்கள் கையில் இருந்தது, வரைபடத்தில் இல்லை. வரைபடங்களும் காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டிருக்கவில்லை. இயந்திரங்களை நியூயார்க் மாநிலத்து இலியன் ஆலைக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்தக் கைகளை ஏற்றிக் கொண்டுபோக முடியவில்லை.

விளைவு கடை மேசைக்கு வந்தது. குறிபார்க்கும் முனை சாய்ந்திருந்தது. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. தோட்டா ஏறாமல் சிக்கியது. ரெமிங்டன், மார்லின் என்ற இரண்டு பெயர்களையும் ஒட்டி 'ரெம்லின்' என்று ஒரு வசைப்பெயரே பிறந்துவிட்டது. பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் குழலின் மேல் முத்திரையைத் தேட ஆரம்பித்தார்கள். நார்த் ஹேவன் குழல்களில் நிறுவனர் ஜான் மார்லினின் முதலெழுத்துகளான 'ஜேஎம்' இருக்கும்; ரெமிங்டன் செய்தவற்றில் 'ஆர்இபி' இருக்கும். இரண்டு எழுத்தை வைத்து விலை ஏறியது, இறங்கியது. நிறுவனம் கைவிட்ட தரச்சோதனையை வாங்குகிறவர்கள் தாங்களே எடுத்துச் செய்தார்கள். அவர்கள் அதில் காட்டிய பொறுமை என்னை நெகிழச் செய்கிறது.

சட்டகத்தைத் தபாலில் அனுப்பியவர்கள்

எச் அண்டு ஆரின் ஹேண்டி ரைஃபிள் இன்னும் எளியது. ஒரே ஒரு தோட்டா. குழலை மடக்கித் திறந்து போட வேண்டும். அன்று அமெரிக்காவில் புதிதாக வாங்கக்கூடிய மிக மலிவான வேட்டைத் துப்பாக்கிகளில் ஒன்றாக அது இருந்தது. அதை வாங்கியவர்களுக்கு நிறுவனம் ஓர் அருமையான வசதி வைத்திருந்தது. சட்டகத்தை மட்டும் ஆலைக்கு அனுப்பினால், கேட்ட தோட்டா அளவில் இன்னொரு குழலை அதற்குப் பொருத்தித் திருப்பி அனுப்புவார்கள். ஒரு சட்டகம், மூன்று நான்கு குழல்கள்: அணிலுக்கு ஒன்று, மானுக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று. முழுத் துப்பாக்கி நான்கு வாங்க வழியில்லாதவருக்கு அது பெரிய உதவி.

ஆலைக்கு ஏன் அனுப்ப வேண்டும்? எச் அண்டு ஆர் குழல்கள் எல்லாச் சட்டகத்துக்கும் அப்படியே பொருந்துவதில்லை. கீல் முளையிலும் பூட்டும் நாக்கிலும் ஒவ்வொரு குழலையும் அந்தந்தச் சட்டகத்துக்கு ஏற்பக் கையால் இழைத்து உட்கார வைக்க வேண்டும். பறவைத் துப்பாக்கிக்கான எஸ்பி-1 சட்டகத்தில், அதிக அழுத்தம் உள்ள ரைஃபிள் குழலைப் போடவும் கூடாது, எஸ்பி-2 வேண்டும். எது எதில் சேரும், எவ்வளவு இழைக்க வேண்டும் என்ற அறிவு முழுவதும் ஆலைக்குள் இருந்தது.

கார்ட்னர் மூடி வேலை இலியனுக்குப் போனதும் இந்த வசதி தேய்ந்து, கடைசியில் நின்றது. 2015 பிப்ரவரியில் அந்தத் துப்பாக்கியின் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. 'பிறகு ஒரு குழல் வாங்கிக்கொள்ளலாம்' என்று எண்ணிச் சட்டகத்தை மட்டும் வைத்திருந்தவர்களின் எண்ணம் அங்கேயே முடிந்தது. அவர்களை ஏமாற்ற யாரும் திட்டமிட்டதாக நான் நினைக்கவில்லை. கணக்குப் பார்த்தவரின் தாளில் அந்த வசதி வெறும் செலவு வரியாகத் தெரிந்திருக்கும். அதை நம்பித்தான் மக்கள் அந்தத் துப்பாக்கியை வாங்கினார்கள் என்பது அந்தத் தாளில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

பாரா நிறுவனத்தின் எல்டிஏ கைத்துப்பாக்கிகளுக்கும் இதே கதிதான். விசை அமைப்பு அந்த நிறுவனத்துக்கே உரியது. 2015-இல் பெயர் நிறுத்தப்பட்டதும் பாகம் தேடுவது பெரும்பாடாகிவிட்டது.

ஒரே நிறுவனத்தின் இரண்டு துப்பாக்கிகள்

இப்போது டிபிஎம்எஸ்ஸுக்குத் திரும்புவோம். ஒரே பெயரில் இரண்டு விதமான விதியை அது காட்டுகிறது.

கைமாறுவதற்கு முன்பே டிபிஎம்எஸ் எல்ஆர்-308 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தது. ஏஆர்-15-இன் பெரிய உடன்பிறப்பு; .308 தோட்டாவுக்கானது. இந்த வகைக்கு ஏஆர்-15-க்கு இருப்பது போன்ற ராணுவப் பொது அளவு கிடையாது. ஆர்மலைட் ஒரு அளவில் செய்தது, டிபிஎம்எஸ் வேறு அளவில் செய்தது. விலை மலிவும் பரவலும் சேர்ந்து, பிற தயாரிப்பாளர்கள் டிபிஎம்எஸ் அளவைப் பின்பற்றத் தொடங்கினார்கள். இன்று பாகம் விற்பவர்கள் 'டிபிஎம்எஸ் வகை' என்று சொன்னால் அது ஒரு நிறுவனத்தைக் குறிப்பதில்லை. ஓர் அளவைக் குறிக்கிறது. அதற்குள்ளும் உடற்பகுதியின் உயரத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு, வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். ஆனாலும் வழி இருக்கிறது. 2014-இல் ஆலை மாறியபோதும் 2020-இல் நிறுவனம் விழுந்தபோதும் எல்ஆர்-308 வைத்திருந்தவருக்குப் போல்ட்டோ குழலோ கிடைக்காமல் போகவில்லை.

2014 ஜனவரியில், ரெமிங்டன் குடையின் கீழ், அதே டிபிஎம்எஸ் பெயரில் ஜி-2 என்ற புதிய துப்பாக்கி அறிமுகமானது. பொறியியலாகப் பார்த்தால் அது நல்ல வேலை. .308 தோட்டாவை ஏறக்குறைய ஏஆர்-15 அளவுள்ள உடலுக்குள் அடக்கி, எடையை வெகுவாகக் குறைத்திருந்தார்கள். அதற்காகப் போல்ட், அதைச் சுமக்கும் பகுதி, குழலின் பின்முனை என உள்ளே இருப்பவற்றைச் சுருக்கினார்கள். சுருக்கியதால் அவை எல்ஆர்-308-இன் பாகங்களோடு மாற்றிக்கொள்ள முடியாதவை ஆயின. ஆறே ஆண்டில் நிறுவனம் ஏலத்துக்கு வந்தது. ஜி-2 அளவைப் பின்பற்றி மற்றவர்கள் பெரிதாக இறங்கும் அளவுக்கு அது பரவியிருக்கவில்லை.

முன்னதை வாங்கியவர் பழைய, கனமான பொருளை வாங்கினார். பின்னதை வாங்கியவர் புதிய, மேம்பட்ட பொருளை வாங்கினார். கடைசியில் போல்ட்டுக்கு அலைந்தவர் பின்னவர். அவர் செய்த தவறு என்ன? பெட்டியின் மேல் இருந்த பெயரை நம்பியதுதான். நாம் எல்லோரும் செய்வதும் அதுதானே.

புஷ்மாஸ்டர் வாடிக்கையாளர்களும் ஓரளவு தப்பியவர்களே. விண்டம் ஆலையை மூடியபின், நிறுவனத்தை 2006-இல் விற்றிருந்த ரிச்சர்ட் டைக், அதே கட்டடத்தில் அதே தொழிலாளர்களில் பலரை மீண்டும் சேர்த்து 2011-இல் விண்டம் வெப்பன்ரி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பாகங்கள் பொது அளவு என்பதால் பழைய புஷ்மாஸ்டருக்கும் பொருந்தின. ராண்டி லூத்தும் சில ஆண்டுகளில் லூத்-ஏஆர் என்ற பெயரில் பாகம் விற்கத் திரும்பினார். அளவு பொதுவாக இருந்தால், விற்றுவிட்டுப் போனவர்கூடத் திரும்பி வந்து பழைய வாடிக்கையாளருக்கு உதவ முடிகிறது. ஆனால் விண்டம் வெப்பன்ரி தந்த வாழ்நாள் உத்தரவாதமும் 2023-இல் அந்த நிறுவனத்தோடு முடிந்தது. அந்த வாழ்நாள் துப்பாக்கியினுடையதாக இருக்கவில்லை.

உத்தரவாதம் எங்கே போயிற்று

நடுவில் நடந்ததைச் சொல்லாமல் இந்த ஆய்வை எழுத முடியாது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் புஷ்மாஸ்டர் துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். அந்த இழப்பின் முன் குழலும் போல்ட்டும் பேச்சுக்கே உரியவை அல்ல. அதை உணர்ந்தே எழுதுகிறேன். நான்காம் நாள் செர்பரஸ் குழுமத்தை விற்கப்போவதாக அறிவித்தது, விற்பனை நடக்கவில்லை. கடன் ஏறியது, 2016-க்குப் பின் விற்பனை சரிந்தது, 2018 மார்ச்சில் முதல் திவால் மனு, 2020 ஜூலையில் இரண்டாவது.

திவால் சட்டத்தின் 363-ஆம் பிரிவின்படி நடக்கும் விற்பனையில் சொத்து, பழைய பொறுப்புகள் நீங்கிய நிலையில் புதியவருக்குப் போகலாம். பெயர், வரைபடம், இயந்திரம் போகும். உத்தரவாதம் பின்னாலேயே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது பழைய நிறுவனத்தின் மீதான, அடமானம் ஏதும் இல்லாத கோரிக்கையாக, கடன்காரர்களின் வரிசையில் பின்னால் நிற்கும். ரூகர் தான் செய்த மார்லின்களுக்கு மட்டுமே பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொன்னது. ரெமிங்டன் பெயரில் இலியனில் தொடர்ந்த ரெம்ஆர்ம்ஸ் நிறுவனமும் பழைய துப்பாக்கிகளுக்கு உத்தரவாதம் இல்லை என்றது. இது புதிதும் அல்ல. பழைய ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சன் 1986-இல் மூடப்பட்டு, 1991-இல் எச் அண்டு ஆர் 1871 உருவானபோதும், முந்தைய நிறுவனத்தின் துப்பாக்கிகளுக்குத் தான் பொறுப்பல்ல என்றே புதியது சொல்லி வந்தது.

உடைந்த பாகம் ஒரு தொல்லை. பழுதான விசை உயிருக்கே ஆபத்து. ரெமிங்டன் 700 துப்பாக்கி, விரல் படாமலே சுட்டுவிடுவதாகப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டின் கீழ் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விசையை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2017 தொடக்கம் வரை வந்த கோரிக்கைகள் சுமார் 22,000 மட்டுமே. கெடு 2020 ஏப்ரல் 23-இல் முடிந்தது. மூன்று மாதத்தில் நிறுவனம் திவால் மனுவோடு நீதிமன்றத்தில் நின்றது. மீதி விசைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன.

சாதாரண வீட்டுப் பொருளாக இருந்தால், அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெற உத்தரவிடலாம். 1972-ஆம் ஆண்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியை அந்த வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. குழந்தையின் பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்ல முடியும், உண்மைத் துப்பாக்கியை முடியாது. ஆகவே தயாரிப்பாளரின் மனமும் அவர் கையிருப்பும்தான் வாடிக்கையாளருக்கு இருக்கும் பாதுகாப்பு. தயாரிப்பாளரே இல்லாமல் போனால் அதுவும் இல்லை. இது கொடுமையான ஓட்டை. வாடிக்கையாளர் அமைப்புகள் பேச வேண்டியது முதலில் இதைத்தான்.

கைமாறியபின்

ரூகர் செய்ததை நான் மதிக்கிறேன். மார்லினை வாங்கிய கையோடு சந்தையில் தள்ளவில்லை. இயந்திரங்களை வட கரோலினாவின் மேயோடனுக்குக் கொண்டுபோய், வரைபடங்களைச் சீர்செய்து, ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, 2021 இறுதியில்தான் முதல் 1895-ஐ வெளியே அனுப்பியது. வரிசை எண்கள் 'ஆர்எம்' என்று தொடங்கும். எது தன்னுடையது, எது முந்தையது என்பதில் குழப்பம் வைக்கவில்லை. ஆனால் 'ஆர்இபி' முத்திரையோடு நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு இதனால் எதுவும் கிடைக்கவில்லை. தன் ஊர்ப் பழுது பார்ப்பவரிடம் சொந்தக் காசைக் கொடுத்துத்தான் அவர் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நிறுவனம் கைமாறும் செய்தி வந்தால், கையில் துப்பாக்கி வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வாங்கியவர் யார் என்பதை அல்ல. தன்னிடம் இருக்கும் பொருளில் எந்தெந்தப் பாகத்தை அந்த நிறுவனம் மட்டுமே செய்கிறது என்று பார்க்க வேண்டும். பொது அளவுப் பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். மற்றவற்றில் தேய்ந்து போகக்கூடியதையும் உடையக்கூடியதையும், ஆலை இருக்கும் இடத்திலேயே இருக்கும் அந்த அமைதியான காலத்துக்குள் வாங்கி வைத்துவிட வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஜேஜேஇ கேபிடல், பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரி என்ற மலிவு விலைத் துப்பாக்கி நிறுவனத்தின் தாய் நிறுவனம். அது வாங்கிய ஐந்து பெயர்களில் எச் அண்டு ஆரும் ஒன்று. சில ஆண்டுகளில் அந்தப் பெயர் கடைகளுக்குத் திரும்பி வந்தது. ஹேண்டி ரைஃபிளுக்குக் குழல் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் ஆவலோடு பார்த்தார்கள். வந்தவை, வியட்நாம் காலத்தில் அந்த நிறுவனம் ராணுவத்துக்குச் செய்த எம்16ஏ1-இன் சாயலில் அமைந்த துப்பாக்கிகள். அவற்றின் பாகங்கள் அநேகமாக எந்த ஆலையிலிருந்து வாங்கினாலும் பொருந்தும். கார்ட்னரில் செய்த எஸ்பி-2 சட்டகத்தை வைத்திருப்பவர், யாரோ ஒருவர் விற்கும் பழைய குழலை வாங்கி, பூட்டும் நாக்கில் மெல்லிய தகடு வைத்து, ஊர்ப் பழுது பார்ப்பவரின் பட்டறையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.